பக்கத்து வாங்குப் பிள்ளையிடம் கேட்டால் என்ன குற்றம்?



நீளமான பதிவுதான். தரம் 10, 11 இல் பிள்ளை இருக்கிற வாப்பா, உம்மாமாராவது கடைசிவரை இருந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்தத் தவணை ஆரம்பித்ததிலிருந்து ஒரே கோரிக்கை பல வீடுகளிலிருந்து எங்களிடம் வந்துவிட்டது. "எங்கட மகளை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல இருத்தாதீங்க டீச்சர். கணக்குப் பாடத்துல எல்லாத்தையும் இவளிட்டத்தான் கேக்குதாம். இவள்ட படிப்புக் கெடுது." ஒரு உம்மா கண்கலங்கியே சொன்னார். அவரில் கோபமில்லை. மகள் நன்றாகப் படிக்கிறாள், அவளையும் பின்னுக்கு இழுத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை நாங்கள் இடம் மாற்றப்போவதில்லை. காரணத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஊருக்கே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

தரம் 11 கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் அலகு மெய்யெண்கள். அதற்குள் சேடுகள். பிள்ளைகள் பேச்சில் "ரூட்டுக் கணக்கு". வர்க்கமூலம் எடுத்தால் முழு எண்ணாக வராமல் நிற்கிற √2, √3, √5 போன்றவற்றைச் சுருக்குவது, கூட்டுவது, பெருக்குவது. வருடத்தின் முதல் பாடம் என்பதால் இதில் தடுக்கி விழுகிற பிள்ளை, "கணக்கு எனக்கு வராது" என்ற முடிவை ஜனவரியிலேயே எடுத்துவிடுகிறது. பிறகு மடக்கை, இருபடிச் சமன்பாடு எல்லாவற்றுக்கும் அதே முடிவுதான்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கணக்கு இது: √50 + √18 − √8 ஐச் சுருக்குக.

நான்காவது வாங்கில் இருந்த பிள்ளை, 50 உம் 18 உம் 68, அதில் 8 போக 60, ஆகவே √60 என்று எழுதி வைத்திருந்தது. அதற்கு முதல் நாள்தான் கரும்பலகையில் இதே மாதிரி மூன்று கணக்குகள் செய்து காட்டியிருந்தோம். பிள்ளை மூன்றையும் அழகாகக் கொப்பியில் இறக்கியுமிருந்தது. பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, பிழை என்று சொல்லவில்லை. "ரூட் ஒம்பதையும் ரூட் பதினாறையும் கூட்டு" என்றது.

"மூணும் நாலும் ஏழு."

"இப்ப உன்ட முறையில செய்து பாரு."

"ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு. ரூட் இருபத்தஞ்சு..." பேனை நின்றுவிட்டது. "அஞ்சு."

"ஏழா, அஞ்சா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. முதல் நாள் எங்கள் விளக்கத்தின்போது அந்தப் பிள்ளையின் தலை ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. இப்போது அசைந்தது. தான் நம்பியிருந்த ஒரு விதி தன் கையாலேயே உடைந்ததை அது கண்டது.

அடுத்ததுதான் எங்களுக்கு இன்னும் பிடித்தது. "அம்பதை உடை" என்றது தோழி. "இருபத்தஞ்சு தர ரெண்டு. இருபத்தஞ்சுக்கு ரூட் இருக்கு, அது அஞ்சா வெளிய வரும். ரெண்டு உள்ளுக்கு. பதினெட்டு, ஒம்பது தர ரெண்டு. மூணு வெளிய, ரெண்டு உள்ளுக்கு. எட்டு, நாலு தர ரெண்டு. ரெண்டு வெளிய, ரெண்டு உள்ளுக்கு. பாரு, மூணும் ஒரே குடி."

கிழக்குக்கு வெளியில் இருக்கிறவர்களுக்காக ஒரு வரி: எங்கள் ஊர்களில் குடி என்பது உம்மா வழியாக வருகிறது. ஆட்கள் வேறு வேறு வீடுகளில், வேறு வேறு பெயர்களில் இருப்பார்கள். மூத்தவர்களிடம் கேட்டால் "அது நம்மட குடிதான்" என்பார்கள். √50, √18, √8 மூன்றும் வெளித்தோற்றத்தில் சம்பந்தமில்லாதவை. உடைத்துப் பார்த்தால் 5√2, 3√2, 2√2. √2 குடி. ஒரே குடியில் உள்ளவற்றை எண்ணிக் கூட்டலாம், கழிக்கலாம்: 5 உம் 3 உம் 8, அதில் 2 போக 6. விடை 6√2. √12 ஐ இவர்களோடு சேர்க்க முடியாது. அது 2√3, வேறு குடி.

புத்தகம் இதை நிகர்த்த உறுப்புகள் என்று சொல்லும். நாங்களும் அப்படித்தான் கற்பிப்போம், பரீட்சையில் அந்தச் சொல் வேண்டும். ஆனால் "ஒரே குடி" என்ற சொல் பதினாறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்துதான் வரும். எங்கள் வாயிலிருந்து வராது. ஏனென்றால் √72 ஐக் கண்டவுடன் 36 தர 2 என்று எங்கள் கண் தானாகவே பார்த்துவிடுகிறது. அது எப்போது, எப்படிப் பழகியது என்று எங்களுக்கே ஞாபகமில்லை. போன கிழமை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்று இன்னும் ஞாபகமிருக்கிறது. கல்லில் தடக்குப்பட்ட காயம் ஆறாதவர் பின்னால் வருகிறவருக்குக் கல்லைக் காட்டுவது இலேசு.

இப்போது கெட்டிக்காரப் பிள்ளையின் உம்மாவுக்கு வருவோம். "என் மகளுக்கு இதில் என்ன லாபம்?" என்ற கேள்வி நியாயமானது. இரண்டு உதாரணம் சொல்கிறோம், இரண்டும் கற்பனையல்ல.

√72 ஐச் சுருக்கச் சொன்னபோது, கேட்கிற பிள்ளை 72 ஐ 9 தர 8 என்று உடைத்து 3√8 என்று நிறுத்தியிருந்தது. சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, "பிழை, 36 ஆலதான் உடைக்கணும், விடை 6√2" என்றது. மற்றது விடவில்லை. "9 உம் நிறைவர்க்கம்தானே, ஏன் பிழை?" கெட்டிக்காரப் பிள்ளை தடுமாறியது. இருவருமாக இருந்து பார்த்தார்கள். 3√8 பிழையில்லை. பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான். 8 ஐ இன்னொரு தடவை 4 தர 2 என்று உடைத்தால் 3 தர 2√2, அதாவது 6√2. இரண்டு பாதையும் ஒரே வாசலுக்குத்தான் வருகின்றன. ஒன்று நேர் றோட், மற்றது ஒழுங்கையால் சுற்றி. பெரிய நிறைவர்க்கம் கண்ணில் படாவிட்டால் முதன்மைக் காரணிகளாகவே உடைக்கலாம்: 2, 2, 2, 3, 3. சோடி சேர்ந்தது வெளியே வரும், தனித்தது உள்ளே நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளை அதுவரை "36 ஆல உடை" என்பதை ஒரு கட்டளையாகத்தான் வைத்திருந்தது. அன்றைக்குத்தான் அது ஏன் வசதி என்று விளங்கியது.

மற்றது இன்னும் நல்ல கேள்வி. 6 இன் கீழே √3. பகுதியை விகிதமுறு எண்ணாக்கச் சொல்லிக் கணக்கு. மேலும் கீழும் √3 ஆல் பெருக்கினால் மேலே 6√3, கீழே 3, விடை 2√3. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது தண்ணீர்பட்டபாடு. பக்கத்துப் பிள்ளை கேட்டது: "கீழ ரூட்டு இருந்தா என்னடி குற்றம்?"

அதற்குக் கெட்டிக்காரப் பிள்ளையிடம் பதிலில்லை. இரண்டு பேருமாக எங்கள் மேசைக்கு வந்தார்கள். "√3 ஐ 1.73 என்று எடுத்து, 6 ஐ 1.73 ஆல் கையால் பிரித்துப் பாருங்கள்" என்றோம். பிரிக்கத் தொடங்கி இரண்டாவது வரியிலேயே சிரித்துவிட்டார்கள். "இப்போது 1.73 ஐ 2 ஆல் பெருக்குங்கள்." 3.46. ஒரு மூச்சில் வந்துவிட்டது. கணிப்பான் இல்லாமல் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு இது பெரிய விசயம். ஏ எடுக்கப்போகிற பிள்ளை இந்தக் கேள்வியைத் தானாக ஒருநாளும் கேட்டிருக்காது. அதற்கு விடை வந்துகொண்டிருந்தது, அதனால் கேள்வி வரவில்லை. விளங்காத பிள்ளை பக்கத்தில் இருந்தபடியால்தான் கேள்வி வந்தது. இதில் யார் யாருக்கு உதவினார்கள்?

அதனால்தான் சொல்கிறோம், மகளின் படிப்புக் கெடவில்லை. மகளின் படிப்பில் இருந்த ஓட்டைதான் வெளியில் தெரிந்தது. இலவசமாக.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா உதவியும் உதவியில்லை. கொப்பியைத் தள்ளிவிட்டு "இந்தா பார்த்து எழுது" என்பதும் வகுப்பில் நடக்கிறது. கூட்டாளியின் பேனையைப் பறித்துத் தானே செய்துகொடுப்பதும் நடக்கிறது. இரண்டாவது பார்க்க நல்ல பிள்ளைத்தனம் போல் இருக்கும், முதலாவதைவிடக் கெடுதி அதில்தான் அதிகம். எங்கள் வகுப்பில் இதற்கு ஒரேயொரு சட்டம்தான்: பேனை விளங்காதவரின் கையில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர் வாயால் மட்டும் பேசலாம், அதிலும் விடையைச் சொல்லக்கூடாது, அடுத்த கேள்வியைக் கேட்கலாம். "ஏழா, அஞ்சா?" என்பதுபோல. இது பெரியவர்களுக்கே கஷ்டமான காரியம். வீட்டில் சின்னவனுக்கு வீட்டுவேலை சொல்லிக்கொடுக்கிற நானாமார், ராத்தாமார் பேனையைப் பறிக்காமல் பத்து நிமிடம் இருந்து காட்டட்டும் பார்ப்போம்.

இப்போது போனில் கணக்கைப் படம்பிடித்தால் படிமுறையோடு விடை வருகிறது. பிள்ளைகள் பாவிக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். அதை ஒளித்துவைத்துப் பிரயோசனமில்லை. √50 + √18 − √8 என்று காட்டினால் அது 6√2 என்று சரியாகச் சொல்லும். ஆனால் படம்பிடித்துவிட்டு விடையை மட்டும் பார்க்கிற பிள்ளையிடம் "நீ ஏன் √60 என்று எழுதினாய்?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த √60 அப்படியே தலைக்குள் இருக்கும், பரீட்சை மண்டபத்தில் வெளியே வரும்.

டியூஷன் வகுப்புகளுக்கு நாங்கள் எதிரியில்லை. நல்ல சேர்மார் இருக்கிறார்கள், அவர்களால் கரைசேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் மண்டபம் நிறையப் பிள்ளைகள் இருக்க, மைக்கில் சொல்லிக்கொண்டு போகும்போது, பின்னால் இருக்கிற பிள்ளை கையை உயர்த்தி "√9 உம் √16 உம் ஏன் √25 இல்ல?" என்று கேட்குமா? பள்ளிக்கூடத்துப் பாடவேளையிலேயே கேட்பதில்லை. வெட்கம். பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பதற்கு வெட்கமில்லை. மாதா மாதம் கிளாஸ் காசு கட்டிவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற இந்த ஒரு வழியை மட்டும் "இடம் மாத்துங்க" என்று மூடச் சொல்வது எங்களுக்கு விளங்கவில்லை.

மீலாத் மேடைகளில் நம் பிள்ளைகள் அல்குவாரிஸ்மியைப் பற்றிப் பேசுகிறார்கள். அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா என்ற பெயரே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அவர் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று கைதட்டல் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் எடுத்த பிள்ளை √18 ஐச் சுருக்கத் தெரியாமல் இருந்தால் அந்தக் கைதட்டலை என்ன செய்வது?

பெருமை பேசத்தான் வேண்டுமென்றால் இதைப் பேசலாம். சேடுக்கு ஆங்கிலத்தில் சேர்ட் என்பார்கள். அது செவிடு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லத்தீனுக்கு அது அரபியிலிருந்து போனது: அரபுக் கணிதர்கள் இந்த எண்களை 'அஸம்', செவிடானவை, என்று அழைத்தார்கள். குர்ஆன் ஓதுகிற பிள்ளைகளுக்கு அதன் பன்மையான 'ஸும்' என்ற சொல் நன்றாகவே தெரியும். கூப்பிட்டால் பதில் சொல்லாத எண். √2 என்ன என்று கேட்டால் 1.41421 என்று போய்க்கொண்டே இருக்கும், முடிவான பதில் தராது.

அல்குவாரிஸ்மிக்குப் பின் வந்தவர் எகிப்தைச் சேர்ந்த அபூ காமில், சுமார் 850 இலிருந்து 930 வரை வாழ்ந்தவர். இந்தச் செவிட்டு எண்களை மற்ற எண்களைப் போலவே எடுத்துக் கூட்டிக் கழித்துப் பெருக்கிக் காட்டியவர். இரண்டு வர்க்கமூலங்களைக் கூட்டி ஒரே மூலத்துக்குள் போட முடியுமா என்ற கேள்விக்கு, எங்கள் நான்காவது வாங்குப் பிள்ளையின் அதே கேள்விக்கு, அவர் விதி சொல்லியிருக்கிறார். போடலாம். ஆனால் உள்ளே இரண்டு எண்களின் கூட்டுத்தொகை மட்டும் போதாது. அவற்றைப் பெருக்கி, மூலம் எடுத்து, இரட்டித்து, அதையும் சேர்க்க வேண்டும். 9 உம் 16 உம் 25. பெருக்கினால் 144, அதன் மூலம் 12, இரட்டித்தால் 24. 25 உம் 24 உம் 49. √49 ஏழு! இதே முறையில் √50 + √18: கூட்டினால் 68. பெருக்கினால் 900, மூலம் 30, இரட்டித்தால் 60. 68 உம் 60 உம் 128. √128 என்பது 64 தர 2 இன் மூலம், அதாவது 8√2. பிள்ளைகள் உடைத்துக் கூட்டிய 5√2 + 3√2 உம் அதேதான்.

ஆகவே அந்தப் பிள்ளை எழுதிய 68 முழுக்கக் குப்பையில்லை. அதில் 60 குறைகிறது, அவ்வளவுதான். இதை வகுப்பில் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கூட்டாளியோடு இருந்து படிப்பது நமக்குப் புதிதுமில்லை. ஹிப்ழு மத்ரஸாவுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு இரண்டு பேராக இருந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்பார். பிழைத்தால் நிறுத்துவார், சொல்லிக்கொடுக்க அவசரப்படமாட்டார், ஓதுகிறவரே பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பார். ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை மீட்டிக்கொண்டார்கள் என்பது நம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஹாபிழ் ஆகப்போகிற மகனுக்கு இந்த முறை நல்லது என்று ஏற்றுக்கொள்கிற வாப்பா, கணக்குப் பாடத்தில் மட்டும் "அடுத்தவனோட கதைக்காதே" என்கிறார்.

வெள்ளைக்காரர் ஒருவர் இந்த முறையைப் பக்கத்துத் தேசத்திலிருந்து கொண்டுபோன கதையும் உண்டு. அன்றூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 இலிருந்து சில வருடங்கள் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். அங்குள்ள நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளையை வைத்தே தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கலாம் என்று கண்டு, 1797 இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஆனால் அங்கே அது ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக மேய்க்கிற வேலையாக மாறிப்போனது. நாங்கள் கேட்பது அதையல்ல. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குக் கணித ஆசிரியர்தான் வேண்டும். "பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும்" என்று அதிகாரிகள் யாராவது இந்தப் பதிவைக் காட்டிச் சொன்னால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

பிள்ளை பிழையாகச் சொல்லிக்கொடுத்தால்? கொடுக்கும். கொடுக்கத்தான் செய்கிறது. அதற்குத்தான் சின்ன எண் வைத்துச் சோதித்துப் பார்க்கிற பழக்கம். √9, √16, √25, √4 இவை நான்கும் கையில் இருந்தால் சேடுகளில் யாரும் சொல்கிற எந்த விதியையும் அரை நிமிடத்தில் பரிசோதிக்கலாம். "டீச்சர் சொன்னா சரி" என்று நம்புகிற பிள்ளையைவிட, கூட்டாளி சொன்னதை எண் போட்டுப் பார்க்கிற பிள்ளை கணிதத்தை அதிகம் படித்திருக்கிறது. எங்களையும் அப்படிச் சோதித்தால் சந்தோசப்படுவோம்.

பெற்றோர் வாயால் சொல்லாத காரணம் ரேங்க். பக்கத்துப் பிள்ளை கூடினால் தன் பிள்ளை குறைந்துவிடும் என்ற கணக்கு. தவணைப் பரீட்சையில் அப்படி ஒரு இலக்கம் இருப்பது உண்மை. சாதாரண தரப் பரீட்சையில் உங்கள் பிள்ளையின் ஏ யை மற்றப் பிள்ளையின் பி வந்து பறிக்காது. பக்கத்துப் பிள்ளையின் டபிள்யூ உங்கள் வீட்டுப் பெறுபேற்றுத் தாளில் ஒரு புள்ளியும் கூட்டாது.

அந்த டபிள்யூ என்ன செய்யும் என்று ஊருக்குத் தெரியும். கணிதத்தில் அது விழுந்த பிள்ளைக்கு உயர்தர வகுப்புக்குள் போவதே கஷ்டம். ஆண் பிள்ளை என்றால் புறக்கோட்டையில் ஒரு கடை, அல்லது கட்டாருக்கு ஒரு விசா. பெண் பிள்ளை என்றால் "இனி வீட்டில இருக்கட்டும்" என்ற பேச்சு ஆரம்பமாகும். மற்ற எட்டுப் பாடமும் சித்தியடைந்து கணிதம் மட்டும் போன பிள்ளைகளின் வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. இரண்டாம் வினாத்தாளில் இருபடிச் சமன்பாட்டுக் கணக்கை எடுங்கள். பிள்ளை எல்லாம் சரியாகச் செய்து (x − 2)² = 12 வரை வந்துவிடும். x என்பது 2 ± √12. கேள்வியில் "√3 = 1.73 எனக் கொள்க" என்று தந்திருப்பார்கள். √12 ஐக் கையில் வைத்துக்கொண்டு, √3 ஐ எங்கே போடுவது என்று தெரியாமல் பிள்ளை பேனையை வைத்துவிடும். √12 உம் √3 குடிதான் என்று தெரிந்திருந்தால் 2√3, 3.46, ஆகவே ஒரு விடை 5.46, மற்றது −1.46. அந்த ஒரு வரிதான் இடையில் நிற்கிறது.

சொல்லிக்கொடுக்கிற பிள்ளையின் தலையில் எல்லாப் பாரத்தையும் போடக்கூடாது என்பதையும் ஏற்கிறோம். ஒரே பிள்ளையிடம் ஐந்து பேர் போய் நிற்பது அநியாயம். அதனால் சோடிகளை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். கேத்திரகணிதத்தில் கேட்கிற பிள்ளை புள்ளிவிபரவியலில் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையாக இருக்கும். எங்கள் நான்காவது வாங்குப் பிள்ளை இப்போது சேடுகளில் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது, 9 ஐயும் 16 ஐயும் வைத்தே. கேலி பண்ணுகிற, "இதுகூடத் தெரியாதா" என்கிற பிள்ளையை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுவோம். அதில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறோம். வரும் திங்கட்கிழமையிலிருந்து, திங்களும் புதனும், பாடசாலை விட்டு ளுஹர் தொழுத பிறகு ஒரு மணித்தியாலம், தரம் 10, 11 பிள்ளைகள் எங்கள் பாடசாலை நூலகத்தில் சோடி சோடியாக இருந்து கணிதம் செய்யலாம். அதிபர் அனுமதி தந்துவிட்டார். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வேறு வேறு பகுதி. கணித ஆசிரியர் ஒருவர் எப்போதும் இருப்பார், கரும்பலகைக்குப் போகமாட்டார், கூப்பிட்ட மேசைக்கு வருவார். காசு இல்லை. டியூஷன் அந்த நேரத்தில் இருந்தால் டியூஷனுக்கே அனுப்புங்கள், சண்டையில்லை. வருகிற பிள்ளையிடம் கொப்பி, பேனை, சாப்பாட்டுப் பெட்டி, வீட்டார் கையொப்பமிட்ட ஒரு துண்டு இருந்தால் போதும். போன் வேண்டாம்.

எங்களுக்குக் குறைவது இரண்டு. நூலகத்தில் மின்விசிறி ஒன்று சுற்றுவதில்லை, ஊரில் வயரிங் வேலை செய்கிற தம்பிமார் யாராவது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் உதவியாக இருக்கும். மற்றது சின்னப் பலகைகள். சோடிக்கு ஒன்று, மடியில் வைத்து எழுதி அழிக்கக்கூடிய அளவு. மர ஆலைகளில் வெட்டி மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டுகள் கிடந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். கறுப்புப் பெயின்ட் பிள்ளைகளே அடிப்பார்கள்.

வஸ்ஸலாம்.